பெரிய துளைத்தகட்டுப் பேனல்களை வரைவு மென்பொருளில் தயாரிப்பது எப்படி?

கட்டட முகப்பு, படிக்கட்டுத் தடுப்பு, வாகன நிறுத்தத்தின் வெளிமறைப்பு, உட்கூரை எனப் பல இடங்களில் துளையிட்ட உலோகப் பேனல்கள் பொருத்தப்படுகின்றன. இவற்றை வரையத் தொடங்கும் புதியவர் பெரும்பாலும் ஒரு செவ்வகத்தைப் போட்டு, அதற்குள் ஒரு வட்டத்தை வரைந்து, அரே கட்டளையால் (ஒன்றை வரிசை வரிசையாக நகலெடுக்கும் கட்டளை) செவ்வகத்தை நிரப்பிவிடுகிறார். திரையில் அது குறையில்லாமல்தான் தெரியும். வரைபடம் பட்டறைக்குப் போன பிறகே, அந்த அகலத்தில் தகடு கிடைக்காது என்பதும், ஓரத்துத் துளைகள் மடிப்பில் விழுகின்றன என்பதும், பக்கத்துப் பேனலின் துளை வரிசையோடு இந்த வரிசை சேரவில்லை என்பதும் வெளிப்படும். மூன்றுமே முதல் வட்டத்தை வரைவதற்கு முன்பு காகிதத்தில் கணக்கிட்டுத் தீர்க்க வேண்டியவை. ஆகவே இந்த வழிகாட்டியின் முற்பாதியில் மென்பொருள் அதிகம் வராது.

விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டு செல்வோம். 3 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தகடு. முகப்பில் ஒவ்வொரு பேனலுக்கும் ஒதுக்கப்பட்ட கட்டம் 1200 × 2400 மி.மீ.; பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி, நான்கு பக்கமும் 30 மி.மீ. பின்னோக்கி மடிப்பு.

தகடும் இயந்திரமும்

சந்தையில் தகடுகள் பொதுவாக 1000 × 2000, 1250 × 2500, 1500 × 3000 மி.மீ. அளவுகளில் வருகின்றன, அடிக்கணக்கு வழங்கும் இடங்களில் 4 × 8 அடி, அதாவது ஏறத்தாழ 1220 × 2440 மி.மீ. தகடு வரும். எந்த அளவுத் தகடு கிடைக்கும், எதில் துளையிடப் போகிறார்கள் என்ற இரண்டையும் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லேசர் என்றால் எந்த விட்டமும் எந்த வடிவமும் சாத்தியம். ஆனால் ஒவ்வொரு துளைக்கும் இயந்திரம் தனித்தனியாகத் தகட்டைக் குத்தித் திறந்து, சுற்றளவு முழுவதையும் வெட்டியாக வேண்டும். டர்ரெட் பஞ்ச் இயந்திரம் ஒரே அடியில் ஒரு துளையைப் போட்டுவிடும். கொத்துப் பஞ்ச் இருந்தால் ஒரே அடியில் பல துளைகள் விழும். ஆனால் அதற்குத் துளையின் விட்டம் கையிருப்பிலுள்ள கருவியின் விட்டமாக இருக்க வேண்டும். கொத்துப் பஞ்சில் பிட்ச், அதாவது அடுத்தடுத்த துளை மையங்களின் தூரம், கருவியிலேயே நிலையாக அமைந்துவிடுகிறது. அதைப் பின்னர் அரை மி.மீ. கூட நகர்த்த முடியாது.

பஞ்சில் அடிப்பதானால், துளையின் விட்டம் தகட்டின் தடிமனைவிடக் குறையாமலும், இரு துளைகளுக்கு நடுவே எஞ்சும் பாலத்தின் அகலமும் அவ்வாறே குறையாமலும் பார்த்துக்கொள்வது பழகிய விதி. துருப்பிடிக்கா எஃகு கடினமானது என்பதால் அதற்கு விட்டத்தை இன்னும் பெரிதாக, தடிமனைப்போல் ஒன்றரை அல்லது இரண்டு மடங்காக வைப்பது நல்லது.

விரித்த அளவு

பேனலின் முகம் கட்டத்தைவிட இடைவெளியளவு சிறியது. ஆகவே நம் எடுத்துக்காட்டில் முகம் 1190 × 2390 மி.மீ. இதனோடு இருபுறமும் 30 மி.மீ. சேர்த்து 1250 என்று எழுதிவிடுவதே பலரும் செய்வது. மடிக்கும்போது உலோகம் வளைவில் நீள்வதால், தட்டையாக விரித்த தகடு இந்தக் கூட்டுத்தொகையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். அந்தக் குறைவே மடிப்புக் கழிவு, அதாவது பெண்ட் டிடக்‌ஷன்.

உள்வளைவின் ஆரம் 3 மி.மீ., கே-காரணி (மடிக்கும்போது நீளாமலும் சுருங்காமலும் நிற்கும் அடுக்கு, உட்பக்கத்திலிருந்து தடிமனில் எந்தப் பங்கு தூரத்தில் உள்ளது என்ற எண்) 0.44 என்று கொண்டால், 90 பாகை மடிப்பில் வளைவுப் பகுதியின் நீளம் 1.5708 × (3 + 0.44 × 3) = 6.79 மி.மீ. ஆகும். ஆரத்தையும் தடிமனையும் கூட்டி இரட்டித்தால் 12, அதிலிருந்து 6.79-ஐக் கழித்தால் ஒரு மடிப்புக்கு 5.21 மி.மீ. குறைக்க வேண்டும் என்று வருகிறது. இரு மடிப்புகளுக்கு 10.43. ஆக, விரித்த தகடு 1239.57 × 2439.57 மி.மீ. இது 1250 × 2500 தகட்டில் அடங்கிவிடுகிறது. அகலவாக்கில் பக்கத்துக்கு 5.2 மி.மீ. மட்டுமே மிஞ்சுகிறது என்பதையும் கவனியுங்கள்: லேசருக்கு இது போதும், தகட்டை விளிம்பில் கவ்விப் பிடித்து நகர்த்தும் பஞ்ச் இயந்திரத்துக்கு எந்த விளிம்பில் கிளாம்ப் விழும் என்று கேட்டே ஆக வேண்டும். மடிப்பு 30-க்குப் பதிலாக 40 மி.மீ. இருந்திருந்தால் அகலம் 1259.57 ஆகி, 1500 அகலத் தகட்டுக்குப் போய், ஒவ்வொரு பேனலிலும் ஒரு நீண்ட கீற்று வீணாகியிருக்கும். வெறும் 10 மி.மீ. வேறுபாடு முழு வேலையின் பொருள்செலவை மாற்றுகிறது. இதை வடிவமைப்பாளரிடம் தொடக்கத்திலேயே சொல்பவரே நல்ல வரைவாளர்.

கே-காரணி ஒவ்வொரு பட்டறையின் அச்சையும் பொருளையும் பொறுத்து மாறும். மேலே உள்ள 0.44 ஒரு தொடக்க மதிப்பு மட்டுமே. பட்டறை தன் மதிப்பைத் தந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

துளைகளின் வலை

துளைத்தகடுகளில் மிகுதியாகப் பயன்படுவது 60 பாகை மாற்றடுக்கு அமைப்பு. ஒரு வரிசையின் துளைகள் அடுத்த வரிசைத் துளைகளின் நடுவே விழும். இதில் திறந்த பரப்பின் விழுக்காடு, விட்டத்தின் வர்க்கத்தைப் பிட்சின் வர்க்கத்தால் வகுத்து 90.69-ஆல் பெருக்கக் கிடைக்கும். நேரடுக்கு அமைப்புக்கு 90.69-க்குப் பதில் 78.54. நாம் 12 மி.மீ. துளை, 20 மி.மீ. பிட்ச், மாற்றடுக்கு எனக் கொள்வோம்: 144-ஐ 400-ஆல் வகுத்து 90.69-ஆல் பெருக்கினால் 32.65 விழுக்காடு.

இப்போது பிட்சைப் பேனலின் முகத்தில் தொடங்காமல் கட்டத்தில் தொடங்க வேண்டும். இந்த ஓர் இடத்தில்தான் பெரிய முகப்பு வரைபடங்கள் தவறிப்போகின்றன. துளை வலை கட்டடம் முழுவதற்கும் ஒன்றே என்றும், இடைவெளிகள் அந்த வலையின் மேல் வெட்டப்பட்ட கோடுகள் என்றும் எண்ணிக்கொண்டால், பேனலிலிருந்து பேனலுக்கு வரிசைகள் தாமாகவே தொடரும். அகலவாக்கில் 1200-ஐ 20-ஆல் வகுத்தால் மிச்சமின்றி 60 வருகிறது. உயரவாக்கில் சிக்கல் உண்டு. மாற்றடுக்கில் வரிசைக்கு வரிசை தூரம் பிட்சின் 0.866 மடங்கு, அதாவது 17.32 மி.மீ.; அமைப்பு இரண்டு வரிசைக்கு ஒருமுறை திரும்புவதால் நமக்கு வேண்டிய அலகு 34.64. 2400-ஐ அதனால் வகுத்தால் 69.28. அந்த 0.28 அலகுதான் மேலுள்ள பேனலோடு வரிசை முறிந்து தெரிவதற்குக் காரணமாகும். லேசரில் வெட்டுவதானால் தீர்வு எளிது: 69 என்று முழுமையாக்கி, வரிசைத் தூரத்தை 17.391 மி.மீ. ஆக்கிவிடுங்கள். அப்போது சாய்வுத் துளைகளின் மையத் தூரம் 20-லிருந்து 20.06 ஆகிறது, எந்தக் கண்ணும் இதைக் காணாது. நிலையான கொத்துப் பஞ்ச் என்றால் இது முடியாது. அங்கே கட்டத்தின் உயரத்தையே மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். இல்லையேல் கிடைமட்ட இணைப்பில் அகலமான வெற்றுப் பட்டையை வேண்டுமென்றே வடிவமைப்பின் பகுதியாக்கிவிட வேண்டும்.

அடுத்து விளிம்பு. மடிப்புத் தொடங்கும் இடத்திலிருந்து துளையின் விளிம்பு குறைந்தது தடிமனின் இரு மடங்கு தள்ளியிருக்க வேண்டும். நெருங்கினால் மடிக்கும்போது துளை முட்டைவடிவாக இழுபடும். நம் பேனலில் வெளிவிளிம்பிலிருந்து 6 மி.மீ. வரை வளைவு, அதன்பின் 6 மி.மீ. ஒதுக்கம், ஆக 12 மி.மீ.க்குள் துளை வரக்கூடாது. வலையின் ஒற்றை வரிசைகளில் (1, 3, 5-ஆம் வரிசைகள்) மையங்கள் கட்டக்கோட்டிலிருந்து 10, 30, 50 என்றும், இரட்டை வரிசைகளில் (2, 4, 6-ஆம் வரிசைகள்) 20, 40, 60 என்றும் விழுகின்றன. முகம் கட்டக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே தொடங்குவதால், 10-இலுள்ள துளை விளிம்பைத் தாண்டியே போய்விடும். 20-இலுள்ள துளையின் விளிம்பு முகத்தின் ஓரத்திலிருந்து 9 மி.மீ.யில் நிற்கிறது, அதுவும் தேறாது. ஆகவே ஒற்றை வரிசை 30-இலும் இரட்டை வரிசை 40-இலும் தொடங்க வேண்டும். துளைகளை ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி வைத்து நெருக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் வலை உடைந்துவிடும். துளையை நீக்கலாம், நகர்த்தக்கூடாது.

உயரவாக்கிலும் இதே கணக்கில் முதல் வரிசையும் கடைசி வரிசையும் கழிகின்றன. 69 அலகுகளின் 138 வரிசைகளில் 136 நிற்கின்றன: பாதி வரிசைகளில் தலா 58 துளைகள், மீதிப் பாதியில் தலா 57. மொத்தம் 7820 துளைகள். அவற்றின் பரப்பை முகத்தின் பரப்போடு ஒப்பிட்டால் திறந்த பரப்பு 31.1 விழுக்காடு, சூத்திரம் சொன்னதைவிடச் சற்றுக் குறைவு. காற்றோட்டத்துக்கோ ஒளிக்கோ ஒரு விழுக்காடு கேட்டிருந்தால், ஓரப்பட்டையையும் சேர்த்துக் கணக்கிட்ட இந்த எண்ணையே கொடுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே போட்டுவிடுங்கள். ஒரு துளையின் சுற்றளவு 37.7 மி.மீ.; 7820 துளைகளுக்கு ஒரே பேனலில் ஏறத்தாழ 295 மீட்டர் வெட்டு. லேசர் விலைப்புள்ளி ஏன் இவ்வளவு உயர்கிறது என்பது அப்போது விளங்கும். துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் பிட்சையும் விரித்தால் அதே திறந்த பரப்பு மிகக் குறைந்த துளைகளில் கிடைக்கும்.

மென்பொருளில் வரைதல்

ஆட்டோகேட்டையோ அதை ஒத்த வேறொரு மென்பொருளையோ திறந்ததும் அலகை மி.மீ. என்று அமையுங்கள். பேனலின் கீழ் இடது மூலையை 0,0 புள்ளியில் வையுங்கள். முகப்பு வரைபடத்தில் அந்தப் பேனல் எங்கே இருந்தாலும், தயாரிப்புக் கோப்பில் அது தொடக்கப் புள்ளிக்கு வர வேண்டும். அடுக்குகளைத் தொடக்கத்திலேயே பிரியுங்கள்: வெளிவெட்டு, துளை வெட்டு, மடிப்புக்கோடு, பொறிப்பு, அளவுக்குறிப்பு என்று ஐந்து போதும். மடிப்புக்கோடும் வெட்டுக்கோடும் ஒரே அடுக்கில் கிடந்தால், இயந்திரம் மடிப்புக்கோட்டையும் வெட்டிவிடும்.

ஒற்றை வரிசைகளுக்கு ஒன்று, இரட்டை வரிசைகளுக்கு ஒன்று என இரு அரேக்களாக வலையை அமையுங்கள். இரண்டிலும் வரிசைத் தூரம் 34.783 (2400-ஐ 69-ஆல் வகுத்தது), நிரல் தூரம் 20. அரேயைத் தொடர்புள்ள பொருளாகவே வைத்திருந்தால், விட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கும் நாளில் ஒரே ஒரு வட்டத்தைத் திருத்தினால் போதும். துளைகளை உண்மையான வட்டங்களாகவே வரையுங்கள். படக் கோப்பைத் தடம்பிடித்துப் பெற்ற பலகோணங்களும் ஸ்ப்லைன்களும் இயந்திரத்தைத் திணறடிக்கும், துளையின் ஓரத்தையும் கரடாக்கும்.

முகப்பில் இத்தகைய நூறு பேனல்கள் இருந்தால் வட்டங்கள் 7,82,000. இவை அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு எந்தக் கணினியிலும் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. முகப்பு வரைபடத்தில் பேனல்களின் எல்லையும் எண்ணும் மட்டும் போதும். துளைகள் தெரிய வேண்டிய ஒன்றிரண்டு இடங்களில் எக்ஸ்ரெஃப் கொண்டு வெளிக்கோப்பை இணைக்கலாம். பேனல் வகைக்கு ஒரு கோப்பு என்பதே சரியான பழக்கம். முப்பரிமாண மென்பொருளில் ஒவ்வொரு துளையையும் திடப்பொருளிலிருந்து வெட்டியெடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே தகட்டையும் மடிப்பையும் மட்டும் மாதிரியாக்கி, விரித்த வடிவத்தை எடுத்து, துளைகளை இருபரிமாணத்தில் சேர்ப்பது பல மடங்கு விரைவானது. அப்போது ஒரு கணக்கை மறக்க வேண்டாம்: துளைகளின் இடம் முகத்தின் நடுக்கோட்டிலிருந்து அளக்கப்பட வேண்டும், விரித்த தகட்டின் ஓரத்திலிருந்து அளந்தால் மடிப்புக் கழிவின் அளவுக்குப் பிசகும்.

படம் தெரிய வேண்டுமானால்

விட்டங்களை மாற்றி மாற்றி வைத்து ஓர் உருவத்தைக் காட்டுவது இப்போது பரவலாகிவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2005-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டி யங் அருங்காட்சியகக் கட்டடம் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. ஹெர்சாக் மற்றும் டி மெரோன் வடிவமைத்த அதன் செப்பு முகப்பில், மரக்கிளைகளூடே ஒளி கசியும் தோற்றம் துளைகளாலும் புடைப்புகளாலும் 7,000-க்கும் மேற்பட்ட பேனல்களில் உருவாக்கப்பட்டது.

ரைனோ மென்பொருளோடு வரும் கிராஸ்ஹாப்பரில் படத்தை மாதிரியெடுத்து விட்டங்களாக மாற்றலாம். விரிதாளிலும் இதைச் செய்யலாம்: ஒவ்வொரு துளையின் மையத்தையும் ஆரத்தையும் ஒரு வரியாக்கி, வட்டக் கட்டளைகளின் பட்டியலை ஸ்கிரிப்ட் கோப்பாகச் சேமித்து ஆட்டோகேட்டில் ஓட்டலாம். ஓட்டுவதற்கு முன் எஃப் 3 விசையால் ஆப்ஜெக்ட் ஸ்னாப்பை (புள்ளியை அருகிலுள்ள பொருளின் முனைக்கோ மையத்துக்கோ இழுக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். விசைப்பலகையில் தட்டும் ஆயங்களை ஸ்னாப் தொடாது. ஆனால் ஸ்கிரிப்டிலிருந்து வரும் ஆயங்களை இயல்பு அமைப்பில் அது பிடித்து இழுக்கும். துளை பக்கத்துத் துளையின் மையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் அது எளிதில் கண்ணுக்குப் படாது.

வெளிச்சத்தை விட்டமாக மாற்றும்போது நேர்விகிதம் போடக்கூடாது. கண் காண்பது துளையின் பரப்பை. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மிகச் சிறிய துளை 6, மிகப் பெரியது 12 மி.மீ. என்றால், சரிபாதிச் சாயலுக்கு 9 என்றுதான் எவரும் எழுதுவார். 36-இன், 144-இன் சராசரியான 90-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 9.49 வருகிறது, அதுவே உரிய விட்டம். இதைக் கவனிக்காத படங்களில் நடுச்சாயல்கள் எல்லாம் மங்கி, முகம் தட்டையாகத் தெரியும். பஞ்சில் அடிப்பதானால் விட்டங்களை ஆறேழு அளவுகளுக்குள் அடக்குங்கள்.

மேலும் இரண்டைக் கேட்டுத் தெளியுங்கள். முதலாவது, துளை கருப்பாகத் தெரியுமா வெளுப்பாகத் தெரியுமா என்பது. பகலில் பின்னால் இருள் இருந்தால் பெரிய துளை கரும்புள்ளி; இரவில் உள்விளக்கு எரிந்தால் அதே துளை ஒளிப்புள்ளி. படம் நெகட்டிவாகத் தலைகீழாகிவிடும். எந்த நேரத்துத் தோற்றம் முதன்மையானது என்று வாடிக்கையாளர் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, பார்க்கும் தூரம். இயல்பான கண் ஏறத்தாழ அறுபதில் ஒரு பாகைக் கோணத்தைப் பிரித்தறியும்; 20 மி.மீ. பிட்சில் துளைகள் முற்றிலும் கலந்துபோக ஏறத்தாழ 69 மீட்டர் தூரம் வேண்டும். உருவம் புரிவதற்கு அவ்வளவு தொலைவு தேவையில்லை என்றாலும், நான்கு மீட்டர் அகல நடைபாதையிலிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய சுவரில் பெரிய பிட்சுப் படம் வெறும் புள்ளிகளாகவே நிற்கும்.

கோப்பை அனுப்பும் முன்

அனுப்புவதற்கென ஒரு நகலைச் சேமித்து, அதில் மட்டும் அரேக்களையும் பிளாக்குகளையும் எக்ஸ்ப்ளோட் செய்யுங்கள், அதாவது தனித்தனிக் கோடுகளாகவும் வட்டங்களாகவும் பிரியுங்கள். மூலக் கோப்பு திருத்தத்துக்கு வேண்டும். பின் ஓவர்கில் கட்டளையால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் வட்டங்களை நீக்குங்கள். அவை இருந்தால் லேசர் ஒரே துளையை இருமுறை வெட்டும். அதன்பின் விரைவுத் தேர்வில் வட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து எண்ணிக்கையைப் பாருங்கள். 7820 வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கோப்பை அனுப்பாதீர்கள். பொருத்துதல் துளைகளையும் கோட்டிங்கிற்குத் தொங்கவிடும் துளைகளையும் தனி அடுக்கில் வைத்திருந்தால் இந்தச் சரிபார்ப்பு குழம்பாது. பொருத்துதல் துளைகளை நீள்துளைகளாக்குவதும் அவசியம்: அலுமினியம் ஒரு பாகை செல்சியஸுக்கு மீட்டருக்கு 0.023 மி.மீ. விரிவதால், 2.4 மீட்டர் பேனல் 50 பாகை வேறுபாட்டில் ஏறத்தாழ 2.8 மி.மீ. நீளும்.

இயந்திரத்துக்கு அனுப்பும் டிஎக்ஸ்எஃப் வடிவ வரைபடக் கோப்பைத் திறக்கும் மென்பொருள்கள் அதிலுள்ள அலகுக் குறிப்பை எப்போதும் மதிப்பதில்லை. ஆகவே அலகையும் விரித்த தகட்டின் முழு அளவையும் மின்னஞ்சலிலும், உடன் அனுப்பும் பிடிஎஃப் வரைபடத்திலும் எழுதுங்கள். அந்த வரைபடத்தில் பொருள், தடிமன், எந்தப் பக்கம் முகம், எது மேல், மடிப்பு எத்திசையில், பஞ்ச் என்றால் பிசிறு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பவை இருந்தே ஆக வேண்டும். பிசிறு பஞ்ச் வெளியேறும் பக்கத்தில் உண்டாகும் என்பதால் அதைப் பின்புறமாகக் குறிப்பதே வழக்கம். மாற்றடுக்குப் பேனலின் முன்பக்கமும் பின்பக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். படமுள்ள பேனலில் இந்தக் குறிப்பு விடுபட்டால் உருவம் இடவலம் மாறி வந்து சேரும். ஒவ்வொரு பேனலின் எண்ணையும் மறைந்திருக்கும் மடிப்பில் பொறிக்கச் சொல்லுங்கள்.

பவுடர் கோட்டிங் செய்வதானால் ஒவ்வொரு பரப்பிலும் பொதுவாக 60 முதல் 120 மைக்ரான் வரை படியும். விட்டம் அதன் இரு மடங்கு குறையும். 12 மி.மீ. துளைக்கு இது பொருட்டில்லை, 2 மி.மீ. துளைக்குப் பொருட்டுதான். நெருக்கமாகப் பஞ்ச் செய்த தகட்டின் நடுப்பகுதி சற்று நீண்டு, ஓரப்பட்டை நீளாமல் நிற்பதால் தகடு அலையலையாகும். மடிப்பதற்கு முன் உருளைகளில் விட்டுச் சமன்படுத்துவது விலைப்புள்ளியில் அடங்கியுள்ளதா என்று கேளுங்கள்.

முழு உற்பத்திக்கு ஒப்புதல் தருவதற்கு முன் ஒரு மூலையை, ஏறத்தாழ 300 × 300 மி.மீ. அளவில், இரு மடிப்புகளோடும் கோட்டிங்கோடும் செய்து வாங்குங்கள். முகத்தின் வெளிவிளிம்பிலிருந்து முதல் துளை மையத்தை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள்: ஒற்றை வரிசையில் 25, இரட்டை வரிசையில் 35 மி.மீ. வர வேண்டும். வேறு எண் வந்து, பிசகு எல்லா வரிசையிலும் ஒரே அளவாக இருந்தால், கே-காரணியைத் திருத்தி விரித்த அளவை மீண்டும் கணக்கிட்டு, வெளிவெட்டு அடுக்கையும் மடிப்புக்கோட்டு அடுக்கையும் மட்டும் மாற்றி அனுப்பினால் போதும்; துளை அடுக்கைத் தொட வேண்டியதில்லை.